அமராவதி எண்ணத் தெரியாதவளா?

அம்பிகாபதி, அமராவதி கதையை யார் சொன்னாலும், "அவள் மட்டும் இன்னும் ஒரு பாட்டுக்குப் பொறுத்திருந்தால்" என்ற ஏக்கத்தில் கொண்டுபோய் முடிப்பதே வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கொலைக்கான பழியை, காதலனை இழந்த பெண்ணின் தலையிலேயே ஏற்றிவைக்கும் வாக்கியம் அது.

கதை நமக்குத் தெரிந்ததுதான். குலோத்துங்க சோழனின் மகளும் கம்பரின் மகனும் காதலிக்கிறார்கள். அரசனுக்கு அது பொறுக்கவில்லை. அரண்மனை விருந்தில் அமராவதி உணவு பரிமாற வரும்போது, தன்னை மறந்த அம்பிகாபதி, "இட்டடி நோவ எடுத்தடி கொப்பளிக்க வட்டில் சுமந்து மருங்கசைய" என்று பாடத் தொடங்கிவிடுகிறான். வைத்த அடி நோகிறது, எடுத்த அடி கொப்பளிக்கிறது, வட்டிலின் சுமையில் இடை அசைகிறது. அரசன் முகம் மாறுவதற்குள் கம்பர் குறுக்கிட்டு, "கொட்டிக் கிழங்கோ கிழங்கென்று கூறுவாள் நாவில் வழங்கோசை வையம் பெறும்" என்று வெண்பாவை முடித்து, மகன் பாடியது தெருவில் கிழங்கு விற்பவளைப் பற்றித்தான் என்று ஆக்கிவிடுகிறார். கலைமகளே கிழங்குக்காரியாக வந்து அவர் சொல்லைக் காப்பாற்றினாள் என்பார்கள். மகன் உயிரைக் காக்க ஒரு தகப்பன் அந்த நொடியில் பாடிய அடிகள் என்று நினைக்கும்போது, அந்த வெண்பாவின் நயத்தைவிட அதில் இருக்கும் பதற்றமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகுதான் அந்தப் போட்டி. சிற்றின்பம் கலவாமல் 100 பாடல் பாட வேண்டும். பாடினால் அமராவதி, தவறினால் மரணம். மறைவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த அமராவதி, கடவுள் வாழ்த்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, 99 முடிந்ததுமே நூறு ஆயிற்று என்று மகிழ்ந்து எட்டிப் பார்த்ததாகக் கதை சொல்கிறது. காப்புச் செய்யுளை நூலின் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்பது தமிழில் நெடுநாளாக உள்ள வழக்கம். பிற்காலத்து அபிராமி அந்தாதியை எடுத்துக்கொண்டாலும், காப்பும் நூற்பயனும் நீங்கலாகத்தான் 100 பாடல்கள். புலவர்கள் சூழ்ந்த அவையில் வளர்ந்த இளவரசிக்கு இது தெரிந்திருக்காது என்று கதை நம்மை நம்பச் சொல்கிறது. நான் நம்பவில்லை. அரசனின் கொடுமையை ஒரு பெண்ணின் அவசரமாக மாற்றுவதற்கு இப்படியொரு எண்ணிக்கைப் பிழை கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அவள் உண்மையிலேயே தவறாக எண்ணியிருந்தாலும்தான் என்ன? ஒரு பாட்டு குறைந்ததற்கு ஓர் உயிரா?

அவளைக் கண்டதும் அவன் பாடியதாக வழங்கும் பாடல், "பொற்றேர் இருக்கத் தலையலங்காரம் புறப்பட்டதே" என்று முடிகிறது. தேர் நிலையிலேயே நிற்கிறது, அதன் உச்சி அலங்காரம் மட்டும் புறப்பட்டு வந்துவிட்டது என்கிறான். மறைவிலிருந்து முகத்தை மட்டும் நீட்டிப் பார்க்கும் பெண்ணைத் தமிழில் இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. பாடலின் முதல் அடிகள் அவள் உடலழகைப் பேசுகின்றன என்பதை மறுக்கவில்லை. அதைக் கேட்ட அவையில் ஒருவருக்குக்கூட வாளைத் தடுக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

சோழநாட்டைக் குலோத்துங்கன் என்ற பெயரில் மூவர் ஆண்டிருக்கிறார்கள்; முதலாமவன் ஆட்சிக்கு வந்தது 1070இல், மூன்றாமவன் ஆட்சி முடிந்தது 1218இல். இவர்களில் எவன் மகள் அமராவதி என்று கதை சொல்வதில்லை; பெயர் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டது. மாறாக, மூன்று சோழர்கள் மீது உலா பாடிய ஒட்டக்கூத்தரைப் பொறாமைக்காரராக்கி நடுவில் நிறுத்தியிருக்கிறது. ஆக, அமராவதிக்கு அவசரம், கூத்தருக்குப் பொறாமை, அம்பிகாபதிக்கு அடக்கமின்மை. ஆணையிட்டவனுக்கு மட்டும் குறை எதுவும் இல்லை. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய வேந்தனாம்!

இதில் என்னை மிகவும் வருத்துவது கம்பரின் நிலை. வான்மீகத்தில் வில் முறியும் முன் இராமனும் சீதையும் சந்திப்பதில்லை. கம்பர்தான் மிதிலைத் தெருவில் இராமனை நடக்கவிட்டு, கன்னிமாடத்தில் சீதையை நிற்கவைத்து, "அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" என்று எழுதினார். திருமணத்துக்கு முன் இரு உள்ளங்கள் கண்வழியே கலப்பதைக் காப்பியத்தின் பெருமையாக்கிய அந்தக் கவிஞரின் மகனுக்கே, அதே நோக்கு சாவாக வந்தது என்று இக்கதை சொல்கிறது. "மன்னவனும் நீயோ வளநாடும் உன்னதோ" என்று சோழனிடம் சீறிவிட்டுக் கம்பர் வெளியேறியதாகவும், கடைசியில் பாண்டிய நாட்டு நாட்டரசன்கோட்டையில் அடங்கியதாகவும் சொல்வார்கள். அவர் சமாதி என்று இன்றும் வணங்கப்படும் இடம் அங்கே இருக்கிறது. கதையில் அரசனைப் பார்த்து நேருக்கு நேர் கேட்பவர் அவர் ஒருவர்தான். அமராவதியின் எண்ணிக்கையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.