உலாவியை மாற்றினோம், எஞ்சினை மாற்ற முடிந்ததா?

"சஃபாரி வேண்டாமென்று ஃபயர்பாக்ஸுக்கு மாறிவிட்டேன்" என்று ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்லும்போது மனம் கனக்கிறது. அவர்கள் மாற்றியது மேல்தோலை மட்டும்தான். பக்கத்தை வரைவது, ஸ்கிரிப்டை ஓட்டுவது, குக்கீயை (தளங்கள் நம்மை அடையாளம் காண வைக்கும் சிறு குறிப்பை)ச் சேமிப்பது எல்லாம் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். குரோமுக்கும் அதே கதை. இணையம் பார்க்கும் செயலி எதுவானாலும் வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப் ஸ்டோரின் 2.5.6-ஆம் விதி.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு 2022 ஜனவரியை நினைவூட்டுகிறேன். இணையதளங்கள் நம் கருவியில் தகவலைச் சேமிக்க இண்டெக்ஸ்ட்டிபி என்றொரு கிடங்கு உண்டு. ஒரு தளத்தின் கிடங்கு இன்னொரு தளத்தின் கண்ணில் படவே கூடாது. சஃபாரி 15-இல் வந்த பிழையால் கிடங்குகளின் பெயர்கள் வெளியே தெரிந்தன. பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. கூகுள் தளங்கள் அந்தப் பெயரிலேயே பயனரின் கணக்கு எண்ணைச் சேர்த்திருந்தன. ஒரு டேபில் யூடியூப் திறந்திருந்தால், பக்கத்து டேபில் இருக்கும் முன்பின் தெரியாத தளம் அந்த எண்ணைப் படித்துக்கொள்ளலாம். மேக் கணினி வைத்திருந்தவர் வேறு உலாவிக்குப் போய்த் தப்பித்தார். ஐபோன்காரர் எந்த உலாவிக்கு ஓடினாலும் அதே ஓட்டை. மாதக் கடைசியில் ஐஓஎஸ் 15.3 வரும்வரை அவருக்குப் போக்கிடமே இல்லை.

வெப்கிட்டை நான் பழிக்கவில்லை. பிற தளங்களின் குக்கீகளை அது 2020 மார்ச்சிலேயே முழுதாகத் தடுத்தது; குரோமோ ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, 2025-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் அதே ஒன்றைத்தான் மாட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை எப்படி ஏற்பது?

எனக்கு மிகவும் உறுத்துவது டார் உலாவி விஷயம். அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் நம்பும் கருவி அது. ஃபயர்பாக்ஸின் கெக்கோ எஞ்சினைத் திருத்திக் கட்டியது. ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது, ஐபோனில் இல்லை. அங்கே டார் அமைப்பே பரிந்துரைக்கும் ஆனியன் பிரவுசர் வெப்கிட்டில் ஓடுவதால், அதே அளவு பாதுகாப்பைத் தர அதனால் முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு நெருக்கிய பிறகு, 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வழியாக மற்ற எஞ்சின்களுக்கு அங்கே மட்டும் கதவு திறந்தது. அதுவும் அரைகுறையாக. ஐரோப்பாவுக்கு ஒரு செயலி, மற்றவர்களுக்கு வேறொன்று என்று இரண்டாகப் பராமரிக்கச் சொன்னால் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா போன்ற அமைப்பு என்ன செய்யும்? 2025 டிசம்பரில், மற்ற எஞ்சின்களுக்கு வழிவிடச் சொல்லும் ஜப்பானின் சட்டமும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு இடங்களுக்கு வெளியே வாழும் ஐபோன்காரருக்கு 2.5.6 அப்படியேதான் இருக்கிறது.