ஒஷினோ குளத்தில் காசு போடாதீர்கள்

ஃபூஜி மலை பார்க்க ஜப்பான் போகிறவர்கள் பலரும் ஒஷினோ ஹக்காய்க்கும் போய்விட்டு வருகிறார்கள். போன வாரம் நானும் போயிருந்தேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

யமானாஷி மாகாணத்தில், சுமார் 940 மீட்டர் உயரத்தில் இருக்கிற கிராமம் ஒஷினோ. ஹக்காய் என்றால் எட்டுக் கடல். உண்மையில் எட்டு ஊற்றுக் குளங்கள். ஃபூஜியில் உருகும் பனி எரிமலைப் பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, பல பத்தாண்டுகள் வடிந்து வடிந்து இங்கே மேலே வருகிறது. வெயிலோ பனியோ, தண்ணீர் ஏறக்குறைய 13 டிகிரியிலேயே இருக்கும்.

எட்டில் ஒன்றான வகுயிகே குளத்தின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் நீர்ச்செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுவதைப் பார்த்துத்தான் ஊற்று ஓடுகிறது என்று புரிந்தது. அப்புறம்தான் அந்தச் செடிகளுக்கு நடுவே சில்லறை கண்ணில் பட்டது. பத்து யென் வெண்கலக் காசுகள் கறுத்துக் கிடந்தன. போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று ஒருவர், "வேண்டிக்கிட்டுப் போட்டா நடக்கும்" என்று தன் பிள்ளை கையில் காசைக் கொடுத்தார். தமிழ்க் குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேண்டுதல் என்றால், அங்கே நடந்ததே வேறு. எடோ காலத்தில் (1603–1868) ஃபூஜியை வழிபட்ட யாத்திரிகர்கள் மலை ஏறும் முன் இந்த எட்டுக் குளங்களிலும் உடம்பைச் சுத்தம் செய்துகொண்டார்கள். குளத்துக்கு ஒரு நாக அரசன் என்று எட்டு நாகத் தெய்வங்களைக் கும்பிட்டார்கள். 1934இலேயே அரசு இதை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. 2013இல் ஃபூஜியோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட தண்ணீருக்குள் உலோகத்தைப் போட்டு ஊறவைப்பது எந்த விதத்தில் பக்தி?

இன்னொன்று. கடைகளுக்கு நடுவே ஆழமாக, நீலமாக ஒரு குளம் இருக்கும். கூட்டமெல்லாம் அங்கேதான் படம் எடுக்கிறது. அது நகாயிகே, மனிதர்கள் வெட்டியது, எட்டில் சேராது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சற்றுத் தள்ளி தெகுச்சியிகே இருக்கிறது. எட்டில் பெரியது அதுதான், ஆனால் நடக்க வேண்டும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். போகும்போது கடையில் சுட்டுத் தருகிற பச்சை நிற மோச்சி (அரிசிப் பலகாரம்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பையில் இருக்கும் சில்லறை அதற்குப் போகட்டும். நான் போனபோது அந்தக் கரையில் ஒரு பாட்டி மட்டும் நின்றிருந்தார். தண்ணீரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார், தலை குனிந்தார், போய்விட்டார்.