நாணயத்தைத் திரும்ப வாங்க ஆள் வேண்டும்

மக்கள் நாணயங்களை உண்டியலில் போட்டு வைப்பதால்தான் சில்லறைத் தட்டுப்பாடு என்று, இதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. பாதிதான் சரி. தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். செல்லாது என்று யாரோ கிளப்பிய வதந்தி. மளிகைக்கடையில் வாங்கவில்லை, அதனால் பஸ் கண்டக்டர் வாங்கவில்லை, அதனால் நாமும் வாங்கவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் தயக்கம் போகவில்லை. வாங்க ஆள் இல்லாத காசு டப்பாவில்தானே கிடக்கும்?

அப்புறம், அந்தக் கட்டுரையில் வங்கிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் நாணயத்தை வாங்க வேண்டியது வங்கியின் கடமை. எங்கள் தெருக் கடைக்காரர் பை நிறைய எடுத்துப் போனார்; எண்ண ஆளில்லை, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவரும் நாணயம் வாங்குவதில்லை, மீதிக்குச் சாக்லேட் நீட்டுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புதிதாக எவ்வளவு அச்சடித்தாலும், பழைய காசு திரும்பி வரும் வழி அடைபட்டிருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? கிளைக்கு ஒரு எண்ணும் இயந்திரம் வையுங்கள், முதலில்.