அமைதிக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி

உத்தப்புரம் சுவரைப் பற்றிப் பேசும் பலரும் ஒரு விஷயத்தைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சுவர் எழும்பியது சமாதானத்தின் பேரில்.

1989ல் மதுரை மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் பட்டியல் சாதியினருக்கும் பிள்ளைமாருக்கும் கலவரம் நடந்து உயிர்கள் போயின. பிறகு சுற்றுவட்டாரப் பெரியவர்கள் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். கோயிலும் அரசமரமும் பிள்ளைமார் தரப்புக்கு என்றானது. இரு தரப்புக் குடியிருப்புகளையும் பிரித்துச் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவரும் வந்தது. கையெழுத்துப் போட மறுத்துவிட்டு ஊரில் நிம்மதியாக இருந்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? காகிதத்தில் மட்டும் எல்லாம் சரி. 2008ல் சுவரின் மேல் மின்கம்பி ஓடுகிறது என்று செய்தி வந்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

எங்கள் பக்கத்து ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ எப்படி நடக்கும் என்று பலருக்கும் தெரியும். தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ நடுவில், பக்கத்தில் டி.எஸ்.பி., இரு தரப்பிலும் வேட்டி கட்டிய சில ஆண்கள். (பெண்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். தண்ணிக் குழாயடியில் முதல் வசவு வாங்கியது அவர்களாகத்தான் இருக்கும்.) அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்வி: திருவிழா பிரச்சினை இல்லாமல் முடிய என்ன செய்யலாம்? பதிலும் தயார். திருவிழாவை நிறுத்து, கோயிலுக்குச் சீல் வை. ‘என்ன நடந்தது?’ என்று யாராவது ஆரம்பித்தால், “பழசைக் கிளறாதீங்கப்பா” என்று ஒரு குரல் வரும். பழசு வலிக்காத பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல் பெரும்பாலும் வரும்.

டி.எஸ்.பி.யை நான் கிண்டல் செய்யவில்லை. இன்றைக்கு ராத்திரி யாரும் வெட்டுப்படக் கூடாது என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை. ஆனால் அந்த ராத்திரிக்கான ஏற்பாட்டையே நல்லிணக்கம் என்று சொல்லி ஃபைலை மூடிவிடுகிறோம்.

நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை இந்த இடத்தில்தான் நினைத்துப் பார்க்கிறேன். 1995ல் சட்டம், 1996ல் விசாரணைகள், தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ. நம்மில் பலருக்கு அது கட்டிப்பிடித்து அழுத இடம் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. சட்டம் சொன்னது வேறு. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுசாக வெளியே சொன்னால் பொதுமன்னிப்பு. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் கிடையாது. கேட்டது உண்மையை மட்டும். 7,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது 849 பேருக்கு.

நிறவெறி எதிர்ப்புப் போராளியாக இருந்து 1977ல் போலீஸ் காவலில் செத்துப்போன ஸ்டீவ் பிக்கோவின் மனைவி அந்தச் சட்டத்தையே எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் போனார். அவருக்கு வேண்டியது வழக்கு, தண்டனை. 1996ல் தோற்றார். பிக்கோ சாவில் தொடர்புடைய போலீஸ்காரர்களுக்கு 1999ல் ஆணையம் பொதுமன்னிப்பு மறுத்தது. சரி, அப்புறமாவது வழக்கு நடந்ததா என்றால், இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருஷம் உதவித்தொகை என்று ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003ல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் என்று முடித்துக்கொண்டது. அந்த நாட்டின் நல்லிணக்கம் சறுக்கிய இடம் இதுதான். பிக்கோவின் மனைவி மன்னிக்க மறுத்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

மன்னிக்கவே முடியாததை மன்னிப்பதுதான் மன்னிப்பு, அதை எந்த நிறுவனமும் ஏற்பாடு செய்து தர முடியாது என்ற பொருளில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா எழுதினார். தத்துவ வகுப்பில் இது கொஞ்சம் தலைசுற்ற வைக்கும். தாலுகா ஆபீசில் சட்டென்று புரிந்துவிடும். “பெருந்தன்மையா கேஸை வாபஸ் வாங்கிடுங்க” என்று அங்கே கேட்கப்படுவது எப்போதும் அடிபட்டவரிடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை விட்டுக்கொடுத்தால் அவருக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? பழையபடி வயலில் கூலி வேலை, கடையில் சாமான். தென்னாப்பிரிக்காவில் பொதுமன்னிப்புக்கு விலையாக உண்மையையாவது கொடுக்க வேண்டியிருந்தது.

உத்தப்புரத்தில் 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. அதை எதிர்த்துப் பிள்ளைமார் குடும்பங்கள் பல ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. 2011ல் மறுபடி ஒப்பந்தம், நவம்பரில் ஆலய நுழைவு. அதற்குப் பிறகும் மரத்தையும் கோயிலையும் ஒட்டித் தகராறு வந்தது என்பதற்காக அந்த ஒப்பந்தத்தைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1989 ஒப்பந்தம் ஒரு கதவை அடைத்தது, 2011 ஒப்பந்தம் அதைத் திறந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அமைதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் முதல் பக்கம் ‘நடந்தது என்ன’ என்று இருக்கட்டும் என்கிறேன். அடிபட்டவர்கள் சொல்லட்டும், பெண்களும் உட்கார்ந்து சொல்லட்டும். மறு தரப்பு தன் பதிலை அதற்குப் பக்கத்திலேயே எழுதட்டும். வழக்கு கோர்ட்டில் தன் வழியில் போகட்டும், அதைப் பேரத்தில் சேர்க்கவே கூடாது. இப்படியெல்லாம் எழுதினால் சண்டை பெரிதாகும் என்பார்கள். முதல் கூட்டத்தில் பெரிதாகலாம்தான்.

மதுரை, விருதுநகர் மாவட்டங்களின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளை மறந்துவிட வேண்டாம். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று 1996ல் ஒதுக்கப்பட்ட பிறகு பத்து வருஷம் அங்கே வேட்புமனு வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. வெளியிலிருந்து பார்த்தால் ஊர் அமைதி. 2006ல் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றபோது, அதற்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் இருந்தது. எதையும் பேசலாம், ஆனால் ஜெயித்தவர் நாற்காலியில் உட்காரலாமா என்பது அந்தத் தடவை பேச்சுவார்த்தையில் இல்லை.