வாசலில் போலீஸ் நின்றால் போதுமா?

அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச்சூடுகளைப் பற்றி, "பள்ளி வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரை நிறுத்தினால் இதெல்லாம் நின்றுவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. 2018-ல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தார். கொலைகாரன் உள்ளே சுடும்போது அவர் வெளியிலேயே நின்றுவிட்டார். 17 பேர் இறந்தார்கள். 2022-ல் டெக்சஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 370-க்கும் மேற்பட்ட போலீசார் திரண்டும் கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது.

தடுக்கிற வாய்ப்பு அதற்கு முன்பே வந்துபோகிறது. 2021-ல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில், சுட்ட நாளன்று காலையில்தான் சுட்ட பையன் கணக்குத் தாளில் துப்பாக்கி வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. புத்தகப் பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. நான்கு பிள்ளைகள் போய்விட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.