கணக்குப் பிழை இல்லை இது
அயர்லாந்து நாடாளுமன்ற நிதிக் குழு டிராக்கர் வீட்டுக் கடன் விவகாரத்தில் அந்நாட்டு மத்திய வங்கியைக் குடைந்ததைச் சொல்லிவிட்டு, வங்கிகள் கடன்தாரர்களுக்குத் 'தவறுதலாக' கூடுதல் வட்டி போட்டதாக இந்தக் கட்டுரை முடிப்பதுதான் இடிக்கிறது. டிராக்கர் என்றால் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியோடு ஒப்பந்தத்தில் சொன்ன மார்ஜின் (மாறாத கூடுதல் சதவீதம்), அவ்வளவே. அந்த வட்டி 2008 ஜூலையில் 4.25%, 2009 மே மாதம் 1%. டிராக்கர் கொடுத்த வங்கிகளுக்குக் கை கடித்தது அப்போதுதான். ஓரிரு ஆண்டு நிலையான வட்டிக்குப் போய், கெடு முடிந்து திரும்பியவர்களில் பலருக்கு டிராக்கரைக் கண்ணிலேயே காட்டாமல், வங்கி தன் விருப்பப்படி ஏற்றி இறக்கும் வட்டியில் தள்ளினார்கள். 2 லட்சம் யூரோ பாக்கிக்கு டிராக்கரில் 2% எங்கே, வங்கி போட்ட வட்டியில் 4.5% எங்கே? முதலாண்டிலேயே ஏறக்குறைய 5,000 யூரோ கூடுதல். அயர்லாந்து மத்திய வங்கியின் 2019 இறுதி அறிக்கைப்படி பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 40,100 பேர். இத்தனை பேருக்கும் கை தவறியதா? மேலே கருத்து எழுதிய ஒருவர் 'அதான் அபராதம் போட்டாச்சே' என்கிறார். அபராதம் போவது அரசுக் கருவூலத்துக்கு. கடன்தாரருக்கு வேண்டியது பழைய மார்ஜின், பிடித்த கூடுதல் வட்டி, இழப்பீடு. இழப்பீடு கொடு என்று வங்கிக்கு உத்தரவிடும் அதிகாரமே மத்திய வங்கிக்கு 2013 சட்டத்தில்தான் வந்தது. மீறல்களில் பெரும்பகுதி அதற்கு முந்தையது.