'தேடியாச்சு' என்றால் என்ன அர்த்தம்?

2013 ஜூலை 22. அமெரிக்காவின் மெய்ன் மாநில மலைக்காட்டில், அப்பலாச்சியன் நெடும்பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண்மணி ஒருவர் ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டு இறங்கினார். திரும்பும்போது பாதை கண்ணில் படவில்லை. 11 மணி வாக்கில், வழி தவறிவிட்டது, உதவி கேளுங்கள் என்று கணவருக்குக் குறுஞ்செய்தி எழுதினார். சிக்னல் இல்லாததால் அது போகவே இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்திருக்கிறார். மறுநாள் மாலை எழுதியதும் போய்ச் சேரவில்லை. குறித்த இடத்தில் மனைவி வந்து சேராததால் 24ஆம் தேதி கணவர் புகார் கொடுத்தார். அந்த மாநில வரலாற்றின் மிகப் பெரிய தேடல்களில் ஒன்று தொடங்கியது. ஆட்கள், மோப்ப நாய்கள், விமானங்கள் எல்லாம் இறங்கியும் கிடைக்கவில்லை.

2015 அக்டோபரில், வேறு வேலையாக அந்தக் காட்டுக்குள் போன ஒரு வனப் பணியாளர் கண்ணில் சரிந்து கிடந்த கூடாரம் பட்டது. பாதையிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. கூடாரத்தில் இருந்த நோட்டில் ஆகஸ்ட் 6 தேதியிட்டு, தன் உடலைக் கண்டெடுப்பவருக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வழி தவறிப் பதினைந்து நாள் கழித்தும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். தேடலின்போது நாய்க் குழுக்கள் அந்த இடத்துக்குச் சுமார் 90 மீட்டர் வரை வந்து போயிருப்பது பின்னர் தெரிந்தது.

அந்த 90 மீட்டரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மலையில் ஒருவர் காணாமல்போன செய்தி வரும்போதெல்லாம் 'அந்தப் பக்கம் முழுக்கத் தேடியாச்சு' என்ற வாக்கியமும் கூடவே வரும். குடும்பம் அதை நம்புகிறது, செய்தியாளர் எழுதுகிறார், தேடுகிறவர்களே மூன்றாம் நாளில் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். என் கருத்தில், மலைத் தேடலில் இவ்வளவு கெடுதல் செய்யும் வாக்கியம் வேறில்லை. எத்தனை சதவீதம் தேடியாச்சு என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தமே கிடையாது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட அமெரிக்கக் கடற்படைக்காகக் கணிதவியலாளர் பெர்னார்ட் கூப்மனும் சகாக்களும் உருவாக்கிய கணக்கு. பிற்பாடு மலைக்கும் வந்தது. வரைபடத்தைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் 'ஆள் இங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு' என்று ஓர் எண். அங்கே தேடியபின், 'ஆள் இருந்திருந்தால் நாம் பார்த்திருக்க எவ்வளவு வாய்ப்பு' என்று இன்னோர் எண். ஒரு பள்ளத்தாக்குக்கு 40 சதவீதம் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். ஒரு குழு தேடிவிட்டு வந்து, புதர் அடர்த்தி, 60 சதவீதம்தான் உறுதி சொல்ல முடியும் என்கிறது. அப்போது அந்தப் பள்ளத்தாக்கு பூஜ்யம் ஆகிவிடாது. 40இல் 16 மிச்சம். தேடாத மற்ற இடங்களின் 60ஐயும் சேர்த்தால் 76. அதில் 16 என்பது 21 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது! மற்ற துண்டுகள் ஒவ்வொன்றும் பத்துப் பத்து சதவீதமாக இருந்தால், மறுநாள் காலையிலும் முதலில் போகவேண்டிய இடம் அதே பள்ளத்தாக்குதான். ஆனால் வரைபடத்தில் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால் யாரும் அங்கே திரும்பிப் போகமாட்டார்கள்.

அந்த 60 எங்கிருந்து வருகிறது? வாய்க்கு வந்தபடி சொன்னால் எல்லாரும் 90 என்பார்கள். களைத்து வந்தவர், தான் பட்ட பாட்டை வைத்து எண் சொல்வார். இதை அளக்கவே ஓர் எளிய வழி உண்டு. காணாமல்போனவர் அணிந்திருந்த நிறத்தில் ஒரு சட்டையையோ பையையோ அந்தக் காட்டிலேயே தரையில் போடுங்கள். அது கண்ணுக்கு மறையும்வரை விலகி நடங்கள், தூரத்தைக் குறியுங்கள். திசை மாற்றித் திரும்பி வாருங்கள், மறுபடி கண்ணில் படும் இடத்தைக் குறியுங்கள். எட்டுத் திசையிலும் செய்து சராசரி எடுங்கள். அரைமணி நேர வேலை. வெட்டவெளிப் புல்மேட்டில் 80 மீட்டர் வந்த அதே பைக்கு, ஊசியிலைக் கன்றுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் 8 மீட்டர்கூட வராமல் போகலாம். ஆளுக்கு ஆள் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை இந்த எண்தான் முடிவு செய்யவேண்டும். ஆள்பலத்தைப் பார்த்து இடைவெளி வைக்கக் கூடாது.

'ஊரே திரண்டு கைகோத்துச் சல்லடை போட்டால் கிடைக்காதா' என்று பலர் நல்ல மனத்தோடு கேட்கிறார்கள். கணக்குப் போடுவோம். வழி தவறிய மலையேறிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் கடைசியாக அறியப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறார்கள் என்பது பல நாட்டுத் தேடல் பதிவுகள் காட்டும் பொது அளவு. 3 கிலோமீட்டர் ஆரம் என்றால் 28 சதுரக் கிலோமீட்டர். 30 பேர் ஆறு மீட்டர் இடைவெளியில் நின்றால் 180 மீட்டர் அகலம். புதரில் வரிசை கலையாமல் ஒரு கிலோமீட்டர் நகர மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்தால், ஒரு ஓட்டத்துக்கு 0.18 சதுரக் கிலோமீட்டர். வட்டம் முழுவதற்கும் 157 ஓட்டம். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் எழுபத்தொன்பது நாள். அதுவும் பாதிப் பேர் இருக்கும் வட்டத்துக்கு மட்டும்! நெருக்கமான வரிசை கடைசி ஆயுதம். சிறிய, வாய்ப்பு மிகுந்த இடத்துக்குத்தான் அது. முதல் நாள்களில் இடைவெளியை அகலமாக்கி, ஒரே இடத்தை இரண்டு திசையிலிருந்து இரண்டு முறை கடப்பது நல்லது. தடவைக்கு 50 சதவீதம் என்றாலும் இரண்டாவது முடிவில் 75 ஆகிறது. பாறைக்குப் பின்னால் கிடப்பவர் கிழக்கிலிருந்து வருபவர் கண்ணில் படாவிட்டாலும் மேற்கிலிருந்து வருபவர் கண்ணில் படலாம்.

முதல் சில மணி நேரத்தில் செய்யவேண்டியது வேறு. இரண்டு மூன்று பேர் கொண்ட வேகமான குழுக்கள் பாதைகள், ஓடைகள், குடில்கள், பார்வை முனைகள் எல்லாவற்றையும் ஓட்டமாகப் பார்க்கவேண்டும். அதே நேரம் வேலி கட்டவேண்டும். பாதைகள் கூடும் ஒவ்வொரு இடத்திலும், சாலை தொடும் ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆள். ஆள் இல்லாவிட்டால் ஈரமண்ணைச் சீவிச் சமன் செய்து வைத்தால் புதுக் காலடி விழுந்தது தெரியும். இந்த வேலையைச் செய்ய யாருக்கும் ஆசை இருக்காது, சும்மா நிற்பதுபோல் தோன்றும். ஆனால் வேலி இல்லையென்றால் வட்டம் மணிக்கு மணி பெரிதாகிக்கொண்டே போகும். ஆரம் மூன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் ஆனால் பரப்பு நான்கு மடங்கு.

தடயத்தைத் தேடுங்கள், ஆளைத் தேடாதீர்கள் என்று பழகியவர்கள் சொல்வார்கள். ஆள் ஒருவர்தான். அவர் விட்டுப்போன காலடி, மிட்டாய்த் தாள், ஒடித்த கிளை, கோல் ஊன்றிய குழி எல்லாம் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் ஐம்பது தன்னார்வலர்கள் முதல் மணியிலேயே அந்தப் பாதையில் இறங்கிவிட்டால் அவற்றைப் படிக்க வழியே இல்லை. காலடியைப் பார்க்கக் காலையும் மாலையும்தான் நேரம். தாழ்ந்த வெயிலில்தான் பள்ளத்தில் நிழல் விழும். உச்சிவெயிலில் பார்க்கவேண்டி வந்தால் கண்ணாடியாலோ டார்ச்சாலோ பக்கவாட்டில் ஒளி விடவேண்டும்.

மோப்ப நாயைப் பற்றிய தவறான நம்பிக்கைதான் மெய்ன் சம்பவத்தில் பலரையும் குழப்பியது. 90 மீட்டரில் வந்தும் நாய்க்கு எப்படித் தெரியாமல் போகும்? காற்று எதிர்த்திசையில் இருந்தால் 30 மீட்டரில்கூடத் தெரியாது. மலையில் காற்றுக்கு நேர ஒழுங்கு உண்டு. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும், அப்போது வாடை பள்ளத்தில் தேங்கும். நாயை அடிவாரத்தில் நடத்தவேண்டும். வெயில் ஏறியபின் காற்று மேலேறும், அப்போது முகட்டோரம் நடத்தவேண்டும். இதை மாற்றிச் செய்தால் அந்தத் துண்டுக்குக் கிடைக்கும் எண் மிகச் சிறியது. எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று எழுதாமல் 'நாய் போய்விட்டு வந்தது' என்று மட்டும் குறித்தால் அது தகவலே இல்லை. தடம் பிடிக்கும் நாய்க்கு வாடைப்பொருளும் முக்கியம். வேறு யாரும் தொடாத தலையணை உறையையோ உள்சட்டையையோ கையுறை போட்டு எடுத்துச் சுத்தமான பையில் வைக்கவேண்டும். வீட்டார் எல்லாருடைய துணியும் கிடக்கும் அழுக்குக் கூடையிலிருந்து எடுத்தால் நாய் குழம்பும்.

வெப்பக் கேமராவும் அப்படியே. இலைக் கூரையை அது ஊடுருவாது. பகலில் வெயில் காய்ந்த பாறையும் மனித உடலும் ஒரே சூடாகத் தெரியும். விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் அதற்குப் பொற்காலம். மெய்னில் அந்தப் பெண்மணி அடர்ந்த மரங்களுக்கடியில் கூடாரம் போட்டிருந்தார். தீ மூட்டிப் புகை காட்ட முயன்ற கரித்தடங்கள் அங்கே மரங்களில் இருந்தன. விமானம் மேலே போனாலும் அவரைக் கண்டிருக்காது.

செல்போன் டவர் விஷயத்திலும் எதிர்பார்ப்பு அதிகம். ஒரே ஒரு டவர் மட்டும் பிடித்திருந்தால் கிடைப்பது தூரம்தான், புள்ளி கிடையாது. பழைய 2ஜி வலையமைப்பில் அந்தத் தூரமே சுமார் 550 மீட்டர் தடிப்பான வளையமாகத்தான் வரும். டவரிலிருந்து 10 கிலோமீட்டர் என்றால், டவரின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, அந்த வளையத்தில் மூன்றில் ஒரு பங்கான வில்லைப் பார்த்தாலே 11 சதுரக் கிலோமீட்டருக்கு மேல். கலிபோர்னியாவின் ஜாஷுவா ட்ரீ பூங்காவில் 2010 ஜூனில் தனியாகப் போன ஒருவரின் தேடலில் இப்படி ஒரு வில் கிடைத்தது, டவரிலிருந்து 17 கிலோமீட்டர் வாக்கில். அவர் போகப்போவதாகச் சொல்லியிருந்த இடம் ஒன்று, கார் கிடைத்த இடம் வேறொன்று. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் அந்தப் பாறைக்காட்டை அலசினார்கள். எச்சம் கிடைத்தது 2022இல்.

ஏன் பெரும்பாலும் இறங்கும்போது வழி தவறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஏறும்போது எந்தக் கிளை முகட்டில் நடந்தாலும் எல்லாம் ஓர் உச்சியில் சேரும். இறங்கும்போது ஒரே உச்சி பல கிளைகளாகப் பிரியும். மேலே பத்தடி தவறினால் கீழே வேறொரு பள்ளத்தாக்கு. எனவே கடைசித் தடயம் உச்சியருகே என்றால், தேடல் தலைவர் அங்கே நின்று, பனிமூட்டத்தில் கால் தானாக எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கவேண்டும். அந்தக் கிளைக்கு எண்ணைக் கூட்டவேண்டும். தவறிய பிறகு, தண்ணீரோடு போனால் ஊர் வரும் என்று ஓடையில் இறங்குகிறார்கள். சமவெளிக்கு அது சரி. செங்குத்து மலையில் ஓடை அருவியில் முடியும். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். நீரின் இரைச்சலில் அவர் கத்துவது நமக்குக் கேட்காது, நம் விசில் அவருக்குக் கேட்காது. ஓடைப் பள்ளத்துக்கு ஒலித் தேடலை நம்பி எண் கொடுக்கவே கூடாது, கயிறு கட்டி இறங்கிப் பார்க்கவேண்டும்.

மற்ற இடங்களில் ஒலித் தேடல் மலிவானது, பலன் மிகுந்தது. ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டும். எல்லாக் குழுக்களும் கடிகாரத்தை ஒன்றாக வைத்து, வாக்கிடாக்கியில் கட்டளை கேட்டதும் ஒரே நேரத்தில் விசில், பிறகு ஒரு முழு நிமிடம் அசையாமல் மௌனம். பெரும்பாலான குழுக்கள் விசில் ஊதுகிறார்கள், மௌனத்தை விட்டுவிடுகிறார்கள். மழைக்கோட்டு உரசும் சத்தமே தூரத்து முனகலை விழுங்கிவிடும்.

போகிறவர்களுக்கு: நீங்கள் விட்டுப்போகும் காகிதம்தான் தேடுகிறவர்களின் முதல் எண். பாதை, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குமேல் போலீசுக்குச் சொல்லவேண்டும், சட்டை நிறம், கூடார நிறம். கூடவே செருப்படித் தடம். துண்டின்மேல் அலுமினியத் தாளை விரித்து ஷூவோடு மிதித்தால் அச்சு விழும், அதை வீட்டில் வையுங்கள். இந்தியாவில் செயற்கைக்கோள் போனும் அதுபோன்ற தொடர்புக் கருவிகளும் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு வரும் என்பதால் இங்கே காகிதத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். ஒதுங்கப் போனால் நடைக்கோலில் பளிச்சென்ற துணியைக் கட்டிப் பாதையோரம் நட்டுவிட்டுப் போங்கள். பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அது மறையும் இடத்தைத் தாண்டாதீர்கள். பைதான் கூடாரமும் உணவும், அதைப் பாதையில் விட்டுப் போகாதீர்கள். வழி தவறிவிட்டது என்று தெரிந்தால் மரக்கூரைக்கு வெளியே வந்து, கிடக்கிற பளபளப்பான பொருளையெல்லாம் விரியுங்கள். சர்வதேச மலை அபாய ஒலி நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. பதிலாக மூன்று வரும்.

தேடப் போகும் தன்னார்வலர்களுக்கு ஒன்றே ஒன்று. முகாமில் பெயர் பதியாமல் இறங்காதீர்கள். ஜிபிஎஸ் தடத்தை முதல் அடியிலிருந்து பதிவில் போட்டு, எதுவும் கிடைக்காவிட்டாலும் மாலையில் கொண்டுவந்து கொடுங்கள். வெறுங்கையோடு வந்தோமே என்று வெட்கப்பட்டு நிறையப் பேர் தடத்தைக் கொடுக்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த முள்ளுக்குள் போக முடியவில்லை, சுற்றிக்கொண்டு வந்துவிட்டோம் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு இன்னொரு குழுவை அனுப்பவேண்டிய இடம் அந்த முள்தான்.